மோம்சனின் ரோம வரலாறு: எழுத்து பிரமாதம், அச்சு படுமோசம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் தியோடர் மோம்சனின் ரோம வரலாறு, டிக்சன் செய்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பின் மறுபதிப்பு செட். அட்டை நல்ல கெட்டி, தாளும் பரவாயில்லை. உள்ளே போனால்தான் வயிறு எரிகிறது. பழைய பிரதியை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டர் படித்துக் கொடுத்ததை யாரும் பிழை பார்க்காமல் அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். அடிக்குறிப்பில் கிரேக்கச் சொல் வரவேண்டிய இடத்தில் ஒரு சதவீதக் குறி, இரண்டு அரைப்புள்ளி, ஒரு தலைகீழ் கேள்விக்குறி.

யார் புத்தகத்துக்கு இந்தக் கதி என்று பாருங்கள். பழைய நூல்களில் இருந்ததை நம்பாமல், முடிந்தவரை கல்வெட்டு இருக்கும் இடத்துக்கே போய் எழுத்தைக் கண்ணால் பார்த்துப் படி எடுத்தவர் மோம்சன். அப்படி தென் இத்தாலியில் இருந்த நேப்பிள்ஸ் அரசின் லத்தீன் கல்வெட்டுகளை 1852-ல் தொகுத்துப் போட்டதுதான், பிறகு பெர்லின் அகாதமி லத்தீன் கல்வெட்டுகள் மொத்தத்தையும் தொகுக்கும் வேலையை அவரிடம் கொடுக்கக் காரணம்.

பின்னட்டையில் 'வரலாற்றுப் பேராசிரியர் எழுதியது' என்று வேறு போட்டிருக்கிறார்கள். தப்பு. அப்போது அவர் சட்டப் பேராசிரியர். லைப்சிக்கில் வேலை பார்த்தவரை, சாக்சனி அரசை எதிர்த்த 1849 கிளர்ச்சியில் சேர்ந்தார் என்று 1851-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் சூரிச், பிரெஸ்லாவ், இரண்டு இடத்திலும் சட்டம்தான். மூன்று பாகங்களும் 1854-லிருந்து 1856-க்குள் வந்துவிட்டன. பெர்லினில் ரோம வரலாற்றுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1861-ல்தான். அரசியலில் அடிபட்டு வந்த மனிதன் எழுதியது என்று தெரிந்து படித்தால் ரோம அரசியல்வாதி சிசரோவை ஏன் அப்படிப் போட்டுத் தாக்குகிறார், சீசர் மேல் ஏன் இவ்வளவு பிரியம் என்று கொஞ்சம் பிடிபடும். நியாயமாக எழுதியிருக்கிறார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கீழே வைக்க முடியாது. 1902-ல் இலக்கிய நோபல் கொடுத்தபோது குறிப்பாக இந்தப் புத்தகத்தைச் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: அட்டையில் சீசர் சிலை இருக்கிறதே என்று அவர் கொலையை உள்ளே தேடாதீர்கள். கதை கி.மு. 46-ல் சீசர் ஜெயித்த தாப்சஸ் போரோடு நின்றுவிடுகிறது. பேரரசர்களைப் பற்றிய நான்காம் பாகத்தை அவர் எழுதவே இல்லை. மாகாணங்களைப் பற்றிய ஐந்தாம் பாகம் 1885-ல் வந்தது, அது இந்த செட்டில் கிடையாது, அதைச் சொல்லவும் இல்லை.

நான் திருப்பி அனுப்பிவிட்டேன். பழைய பதிப்பின் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பக்கம் மஞ்சளாக இருந்தாலும் கிரேக்கம் கிரேக்கமாகவே இருக்கிறது.