ஷியர் வால் வைப்பது முடிவாகிவிட்டது: எங்கே, எத்தனை, எவ்வளவு தடிமன்?

ஷியர் வால் என்பது நிலநடுக்கத்தின் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்க வைக்கும் நீளமான கான்கிரீட் சுவர். அதை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு கதை. நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் இரண்டு வங்கிக் கட்டடங்கள் கிட்டத்தட்ட எதிரெதிரே நின்றன. ஒன்று 15 மாடி மத்திய வங்கி, இன்னொன்று 18 மாடி பாங்கோ டி அமெரிக்கா. 1972 டிசம்பர் 23 அன்று நள்ளிரவு தாண்டி வந்த நிலநடுக்கத்தில் நகரின் நடுப்பகுதியே சிதைந்தது. இரண்டு வங்கிகளும் விழவில்லை. ஆனால் ஒன்று உள்ளும் புறமும் நொறுங்கிப்போனது. மற்றது சில பீம்களில் விரிசலோடு நின்றது. ஒரே மண், ஒரே ஆட்டம். கட்டமைப்புப் பொறியாளர்களுக்கு இப்படி ஒரு ஒப்பீடு லேசில் கிடைக்காது.

மத்திய வங்கியில் லிப்ட், படிக்கட்டுக் கூண்டுகள் எல்லாம் மேற்கு ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. செங்கல் அடைப்பும் அதே பக்கம். கட்டடத்தின் விறைப்பு முழுவதும் ஒரு ஓரத்தில், எடையோ பரப்பெங்கும். ஆட்டம் வந்ததும் அந்த ஓரம் கதவின் கீல் மாதிரி நின்றுகொள்ள, மறு ஓரம் கதவு மாதிரி சுழன்றது. பாங்கோ டி அமெரிக்காவை வடிவமைத்தவர் டி. ஒய். லின். நடுவில் நான்கு கான்கிரீட் கூண்டுகளை இரண்டு திசைகளிலும் சமச்சீராக வைத்து, அவற்றைக் குட்டை பீம்களால் இணைத்தார். பெரிய ஆட்டத்தில் இணைப்பு பீம் உடைந்தால் உடையட்டும், நான்கு கூண்டும் தனித்தனியே நின்று தாங்கட்டும் என்பது அவர் யோசனை. அன்றைக்கு அடிபட்டதும் பெரும்பாலும் அந்தப் பீம்கள்தான்.

எங்கள் ஆபீசுக்கு வரும் அபார்ட்மென்ட் படங்களில் பாதியில் மத்திய வங்கியின் சாயல் இருக்கும். "சுவரை லிப்ட் பக்கத்திலேயே முடிச்சிடுங்க சார், ஹாலுக்குள்ள வரவேண்டாம்" என்று போனிலேயே சொல்லிவிடுவார்கள். லிப்ட் இருப்பது பெரும்பாலும் ஒரு ஓரத்தில். அதைச் சுற்றி மட்டும் சுவர் எழுப்பினால் மனாகுவாவின் தவறான கட்டடத்தைத் திரும்பக் கட்டுகிறோம். லிப்ட் நடுவில் இருந்தால்கூட ஒற்றைக் கூண்டு சுழற்சிக்கு எதிராக அவ்வளவு பலமில்லை. அதே கான்கிரீட்டை நாலு பக்க வெளிச்சுவரில் பிரித்து வைத்தால் நெம்புகோல் தூரம் கூடும், முறுக்கு அடங்கும். இந்தப் போட்டியில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பிரேம் (தூண்களும் பீம்களும் சேர்ந்த கூடு) மட்டும் போதுமே என்பவர்களுக்கு

230க்கு 600 மி.மீ. தூண் ஒன்றையும், 200 மி.மீ. தடிமனில் 3 மீட்டர் நீளச் சுவர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்குக் கான்கிரீட் நாலரை மடங்குகூட ஆகாது. ஆனால் நீளவாக்கில் அதன் வளைவு விறைப்பு நூறு மடங்கைத் தாண்டும், ஏனென்றால் நீளம் மூன்றாம் அடுக்கில் பெருகுகிறது. 3 மீட்டர் மாடி ஒன்று 12 மி.மீ.க்கு மேல் நகரக்கூடாது என்கிறது இந்திய நிலநடுக்க விதியான ஐஎஸ் 1893இன் 2016 பதிப்பு. உயரமான வெறும் பிரேம் அந்த வரம்புக்குள் அடங்க, தூண்களைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும்.

"சுவர் வைத்தால் பேஸ் ஷியர் கூடுமே?" அதாவது கட்டடத்தின் அடியில் விழும் மொத்தப் பக்கவாட்டு விசை ஏறுமே என்பது பிரேம் தரப்பின் வாதம். உண்மைதான். 45 மீட்டர் உயரம், 20 மீட்டர் அகலம், சென்னை, நடுத்தர மண் என்று ஒரு குடியிருப்பை அதே 2016 பதிப்பின்படி போட்டுப் பார்ப்போம். சென்னை 2002 வரை நிலநடுக்க மண்டலம் 2இல் இருந்தது, பிறகுதான் 3க்கு வந்தது. எனவே மண்டலக் காரணி 0.16. முக்கியத்துவக் காரணி 1.2. வெறும் பிரேமுக்கு அலைவுக் காலம் (ஒருமுறை ஆடித் திரும்பும் நேரம்) 1.30 விநாடி, ஆர் மதிப்பு (நெகிழும் திறனுக்காக விசையை வகுத்துக் குறைக்கும் எண்) 5, விசை கட்டட எடையில் 2 சதவீதம். சுவரை மட்டும் நம்பினால் காலம் 0.91 வரை இறங்கலாம், ஆர் 4, விசை 3.6 சதவீதம். சுவரும் பிரேமும் சேர்ந்த இரட்டை அமைப்புக்கு ஆர் மறுபடி 5, விசை 2.9.

தாளில் பிரேம் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த 1.30 விநாடி, செங்கல் அடைப்பே இல்லாத பிரேமுக்கான சூத்திரம். செங்கல்லோ பிளாக்கோ வைத்து அடைக்காத அபார்ட்மென்டை யார் கட்டுகிறார்கள்? அடைத்துவிட்டால் அதற்கும் 0.91தான், விசையும் அதே 2.9. சிக்கனம் என்று நினைத்தது செங்கல்லில் கரைந்துவிடும். கூடவே கீழே பார்க்கிங்குக்காகச் சுவரில்லாத தளம் வேறு. 2001 பூஜ் நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இந்த ரகம்தான்.

இரட்டை அமைப்பு என்று பெயர் எழுதினால் மட்டும் ஆர் 5 கிடைத்துவிடாது. பிரேம் தனியாக நின்று குறைந்தது 25 சதவீத பேஸ் ஷியரைத் தாங்க வேண்டும். பல டிசைன்களில் இந்தச் சோதனை விட்டுப்போயிருக்கும். மாடலில் சுவர்களை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், தெரியும்.

குறைவான தடித்த சுவரா, நிறைய மெல்லிய சுவரா

இந்தக் கேள்விக்குச் சிலி நாட்டுக் கதையைவிட நல்ல பதில் இல்லை. அங்கே வீட்டுக்கு வீடு, அறைக்கு அறை கான்கிரீட் சுவர் வைத்துக் கட்டுவது பழக்கம். தளப் பரப்பில் ஒவ்வொரு திசைக்கும் 2.5 முதல் 3 சதவீதம் சுவர் இருக்கும். 1985 மார்ச்சில் வந்த பெரிய நிலநடுக்கத்தை வீஞா டெல் மார் நகரின் அடுக்குமாடிகள் பெரும்பாலும் நன்றாகவே தாங்கின. சுவர் நுனிகளில் நெருக்கமான ரிங் (நிலைக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) கட்டாமலேயே தாங்கின. அதைப் பார்த்து, அமெரிக்க விதியை 1996இல் எடுத்துக்கொண்டபோது சுவர் நுனிக்கான சிறப்பு ரிங் விதியை மட்டும் தள்ளிவைத்தார்கள்.

பழக்கம் அப்படியே நிற்கவில்லை. கட்டடங்கள் உயர்ந்தன, சுவர் மட்டும் 15, 20 சென்டிமீட்டரிலேயே இருந்தது. ஒவ்வொரு சுவரின் தலையிலும் எடை கூடியது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கார் திரும்ப வேண்டும் என்று மேலே நீளமாக வந்த சுவரைக் கீழே வெட்டிச் சுருக்கினார்கள், கம்பத்தில் கொடி பறப்பதுபோல. 2010 பிப்ரவரி 27, அளவு 8.8. அந்தக் குறுகிய நுனியில் கான்கிரீட் நசுங்கி உதிர்ந்தது, கம்பி வெளியே பிதுங்கி வளைந்தது. கன்செப்சியோன் நகரில் ஆல்டோ ரியோ என்ற 15 மாடிக் குடியிருப்பு அப்படியே மல்லாந்தது. 8 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே சிலி தன் விதிகளைத் திருத்திக்கொண்டது.

அதனால் மெல்லிய சுவர் தப்பு என்று நான் சொல்லவில்லை. சுவர் நிறைய இருந்தால் ஒவ்வொன்றின் பங்கும் குறைவு, அஸ்திவாரத்தில் சுமை பரவும், ஒன்று போனாலும் மற்றவை நிற்கும். இரண்டே தடித்த சுவரில் முழு விசையையும் ஏற்றினால் அடியில் கவிழ்க்கும் திருப்புமை குவிகிறது, ஒரு ஓரத்தில் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) மேலே பிடுங்கப்படும். சென்னையின் சதுப்பை ஒட்டிய பகுதிகளில் அந்தப் பைல் செலவே சுவர் செலவை விழுங்கிவிடும்.

என் உறுத்தல் வேறு இடத்தில். அலுமினிய ஃபார்ம்வொர்க்கில் 160 மி.மீ. சுவர் ஊற்றி, நடுவில் ஒற்றை வலையாகக் கம்பி வைப்பது இப்போது சாதாரணம். நிலநடுக்கத்துக்கான கம்பி விவர விதியான ஐஎஸ் 13920இன் 2016 பதிப்பு இதைத் தடுக்கவில்லை. 200 மி.மீ. தடிமனை எட்டினாலோ, வெட்டுத் தகைவு வரம்பைத் தாண்டினாலோதான் இரட்டை வலை கட்டாயம். ஆனால் ஒற்றை வலைச் சுவரில் நுனிக் கம்பியைச் சுற்றிப் பிடிக்க எதுவும் இல்லை. ஆறேழு மாடிக்கு ஒத்துக்கொள்வேன். 15 மாடியின் கீழ்த் தளங்களுக்கு மனசு வராது.

நுனி என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்? ஷியர் வால் என்ற பெயரே வழிதவறச் செய்கிற பெயர். உயரம் நீளத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேலிருக்கும் சுவர் வெட்டு விசையில் உடையவே கூடாது. அடியில் வளைந்து, ஒரு நுனிக் கம்பி இழுபட்டு நெகிழ, மறு நுனிக் கான்கிரீட் அமுக்கம் தாங்க வேண்டும். ஐஎஸ் 1893இன் 2016 பதிப்பு அதைக் கட்டமைப்புச் சுவர் என்றே எழுதுகிறது. நுனியில் அமுக்கத் தகைவு கான்கிரீட் வலிமையில் 0.2 பங்கைத் தாண்டினால், அதாவது எம்30 ரகக் கான்கிரீட்டுக்குச் சதுர மி.மீ.க்கு 6 நியூட்டன், அங்கே தூண்போல ரிங் கட்டிய எல்லைப் பகுதி வேண்டும்.

படத்தில் அது அழகாக இருக்கும். சைட்டில் 200 மி.மீ. சுவரில் இரண்டு பக்கமும் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்), கிடைக்கம்பி, நிலைக்கம்பி போக ரிங்குக்குள் மிச்சம் நூறு மி.மீ. சொச்சம். அதற்குள் 135 டிகிரிக் கொக்கியை மடக்கி நுழைக்கக் கம்பிக்காரர் படும் பாட்டை நின்று பார்த்திருக்கிறேன். கொஞ்சம் அசந்தால் கொக்கி 90 டிகிரியில் நின்றுவிடும். ஆட்டத்தில் கவர் உதிர்ந்ததும் அது வாய்பிளக்கும். ஒருமுறை எல்லாம் சரியாகக் கட்டி ஊற்றியும் முடித்த பிறகு, பிளம்பர் கோர் கட்டர் வைத்துச் சரியாக அந்த நுனியிலேயே நாலங்குல ஓட்டை போட்டிருந்தார்.

இணைப்பு பீம்: வேண்டுமா, வேண்டாமா

இரண்டு சுவரைக் குட்டை பீமால் இணைத்தால் விறைப்பு பலமடங்கு, ஆற்றலும் பீமில் செலவாகும். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தில் ஆங்கரேஜின் 14 மாடி மெக்கின்லி கட்டடத்தில் மாடிக்கு மாடி இந்தப் பீம்கள் பெருக்கல் குறிபோல விரிந்தன. சாதாரண ஸ்டிரப் (பீமைச் சுற்றும் வளையக் கம்பி) போதாது, கம்பியே அந்தப் பெருக்கல் குறியில் போக வேண்டும் என்று காட்டியவர் நியூசிலாந்தின் தாமஸ் பாலே. நம் விதியும் அதையே கேட்கிறது, கூடவே இணைந்த சுவருக்கு 300 மி.மீ. தடிமனும். அந்தத் தடிமனைத் தர மனமில்லாதவர்கள் இணைக்காமல் விடுவதே மேல். 200 மி.மீ.க்குள் குறுக்குக் கம்பிக் கட்டுகளைத் திணித்து, ஜல்லி இறங்காமல் பொந்து விட்டு ஊற்றிய பீமைவிட, இணைக்காத இரண்டு நல்ல சுவர்கள் எவ்வளவோ நேர்மையானவை.

மண்டலம் 3இல் 12 முதல் 15 மாடி என்றால் என் தேர்வு இரட்டை அமைப்பு: ஒவ்வொரு திசைக்கும் குறைந்தது நான்கு சுவர், ஓரங்களில் பரப்பி, 250 மி.மீ.க்குக் குறையாமல், கீழ்த் தளங்களில் ரிங் கட்டிய நுனியோடு. லிப்ட் கூண்டு கூடுதல் பலம், அவ்வளவுதான். எட்டு மாடிக்குக் கீழே சீரான பிளான் வந்தால் உடையாமல் நெகிழும்படி கம்பி விவரம் சரியாகச் செய்த பிரேமோடு நிறுத்திக்கொள்ளவும் தயார்.

ஆர்க்கிடெக்டிடமிருந்து படக்கட்டு வந்தால் இப்போதெல்லாம் டிபிக்கல் ஃப்ளோரை அப்புறம்தான் பிரிக்கிறேன். முதலில் பேஸ்மென்ட் பார்க்கிங் படம். மேலே 4 மீட்டர் வருகிற சுவர் அங்கேயும் 4 மீட்டர் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.