ஐசனாக் பாக்ஹவுஸ்: துருத்தி இழுக்க ஆள் கேட்டா உடனே கை தூக்கிடுங்க

ஜெர்மனிக்கு போறவங்க ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின்னு மட்டும் பிளான் போடாம நடுவுல ஐசனாக்ல ஒரு நாள் இறங்குங்க, சின்ன ஊருதான், ஆனா பெரிய இசை மேதை யோஹான் செபாஸ்டியன் பாக் 1685ல பொறந்தது இங்கதான், அவருக்குன்னே பாக்ஹவுஸ்னு ஒரு மியூசியம் 1907ல இருந்து இருக்கு. ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம். வாசல்ல பெருசா ஒரு பாக் சிலை, எல்லாரும் அதுகூட செல்ஃபி எடுத்துட்டுதான் உள்ள போறாங்க, நானும்தான்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். மியூசியமா இருக்கற அந்த பழைய மஞ்சள் வீட்டுலதான் அவர் பொறந்தார்னு ரொம்ப காலம் நம்பிட்டு இருந்தாங்க, அப்புறம்தான் அது தப்புன்னு தெரிஞ்சுது, நிஜமா பொறந்த வீடு இப்ப இல்ல. அதனால அவர் உட்கார்ந்த நாற்காலி, படுத்த கட்டில்னு தேடிட்டு போகாதீங்க, அங்க போறது காதுக்காக.

மணிக்கு ஒரு தடவை பழைய வாத்தியங்கள வாசிச்சு காட்டுவாங்க. நான் பண்ண கூத்து என்னன்னா, பாக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்த கல்தொட்டி இன்னும் கெயார்க் சர்ச்ல இருக்குன்னு முதல்ல அத பாக்க போய் அங்கயே நேரத்த விட்டுட்டேன், வந்து சேரும்போது வாசிப்பு ஆரம்பிச்சு கதவ சாத்திட்டாங்க. அடுத்ததுக்கு ஒரு மணி நேரம். வேற வழியில்லாம சுவத்துல இருக்கறத எல்லாம் வரி விடாம படிச்சேன், அதுவும் நல்லதாதான் போச்சு.

பாக்குன்னா நம்ம மனசுல தனியா வானத்துல இருந்து குதிச்ச மேதை மாதிரி ஒரு படம் இருக்கும்ல, இங்க பாத்தா அப்படியே நம்ம நாதஸ்வர பரம்பரை கதை. 1735ல அவரே குடும்ப வரலாறு எழுதி வச்சிருக்கார், அதுல முதல் ஆள் ஃபைட் பாக், ரொட்டி சுடறவர், மாவு அரைக்க மில்லுக்கு போனா கூடவே சின்னதா ஒரு தந்தி வாத்தியத்த எடுத்துட்டு போய் மில் சத்தத்தோட சேர்ந்து வாசிப்பாராம். அங்க இருந்து தலைமுறை தலைமுறையா சர்ச்ல ஆர்கன், ஊர் விசேஷத்துக்கு வாசிப்புன்னு அம்பது பேருக்கு மேல. அப்பா அம்ப்ரோசியுஸ் இந்த ஊரோட சம்பள வாத்தியக்காரர். பையன் பள்ளிக்கூடத்துல ஒரு வருஷம் 96 தடவை, அடுத்து 59, அதுக்கடுத்து 103 தடவை ஆப்சென்ட், எனக்கு இத படிச்சதும் ஒரு நிம்மதி. ஆனா அந்த கடைசி வருஷத்துக்குள்ள அம்மா அப்பா ரெண்டு பேரும் போயிட்டாங்க, பத்து வயசுல ஓர்ட்ருஃப்ல இருந்த அண்ணன் வீட்டுக்கு போயிட்டார், அந்த அண்ணனும் ஆர்கன் வாசிக்கறவர்தான்.

அதுக்கப்புறம் வேலை வேலைன்னு ஊர் ஊரா. 20 வயசுல பக்ஸ்டஹுடன்னு ஒரு பெரிய ஆர்கன் கலைஞர் வாசிக்கறத கேக்க லூபெக் வரைக்கும் நடந்தே போனது, நாலு வாரம் லீவு கேட்டுட்டு நாலு மாசம் கழிச்சு திரும்பினது, 1717ல வைமார்ல வேலைய விடறேன்னு அடம்புடிச்சதுக்கு கிட்டத்தட்ட ஒரு மாசம் ஜெயில். 1723ல இருந்து சாகற வரைக்கும் லைப்சிக். ரெண்டு கல்யாணம், 20 குழந்தை, அதுல பெரியவங்களா ஆனது 10 பேர்தான், நாலு பசங்க பெரிய கம்போசர் ஆனாங்க, அதுல கடைக்குட்டி லண்டன்ல எட்டு வயசு மோட்சார்ட்டோட சேர்ந்து வாசிச்சவர்.

அடுத்த ஷோவுக்கு முதல் ஆளா போய் உட்கார்ந்துட்டேன். சின்ன ஹால், இருபது நிமிஷம் மாதிரி, அஞ்சு கீபோர்டு வாத்தியம். ஹார்ப்சிகார்டுல இறகு தந்திய மீட்டுது, விரல எவ்ளோ ஓங்கி அடிச்சாலும் ஒரே சத்தம்தான். கிளாவிகார்டு வேற ரகம். சின்ன பெட்டி, சத்தம் அவ்ளோ மெலிசு, பக்கத்துல ஒருத்தர் ஜாக்கெட் ஜிப்ப இழுத்தது பாட்ட விட சத்தமா கேட்டுது. அதுல கட்டைய அழுத்தின விரல லேசா ஆட்டினா சுரம் நடுங்குது, வீணைல கமகம் மாதிரி, நான் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். கீபோர்டுன்னா இதெல்லாம் முடியாதுன்னு நினைச்சிட்டு இருந்தேன் இவ்ளோ நாளா.

அப்புறம் பழைய ஆர்கன் ஒண்ணு, கரண்ட் கிடையாது, துருத்திய யாராச்சும் இழுத்தாதான் காத்து வரும். யார் வர்றீங்கன்னு கேட்டாங்க, போயிட்டேன். ஒரே சீரா இழுக்கணும், நான் வாசிக்கறவர் விரலயே பாத்துட்டு ஒரு நொடி விட்டுட்டேன், உடனே சுரம் புஸ்ஸுன்னு இறங்கிடுச்சு, ஹால் முழுக்க சிரிப்பு. அந்த காலத்துல இதுக்குன்னே ஒரு ஆள் இருந்திருக்கான், அவன் பேர் எந்த நோட்ஸ்லயும் இருக்காது.

2007ல பக்கத்துல கட்டின புது கட்டடம் நல்ல மாடர்னா இருக்கு, மேல இருந்து தொங்கற கண்ணாடி முட்டை மாதிரி சேர்ல ஹெட்ஃபோன் மாட்டிட்டு உட்கார்ந்துக்கலாம், எழுந்திரிக்கவே மனசு வரல. விளக்கமெல்லாம் ஜெர்மன், இங்கிலீஷ்லதான். மண்டையோட்ட வச்சு செஞ்ச பாக் முகம், பழைய பிரிண்ட்னு நிறைய இருக்கு, அதெல்லாம் நான் சட்டுன்னு தாண்டிட்டேன்.

அஞ்சுக்கு நாலரை ஸ்டார். டிக்கெட் வாங்கும்போதே அடுத்த வாசிப்பு எத்தனை மணிக்குன்னு கேட்டுக்கோங்க, சர்ச்ச அப்புறம் பாத்துக்கலாம், கிளாவிகார்டு பக்கமா முன் வரிசைல உட்காருங்க, சத்தம் வர்ற ஜிப் போட்ட ஜாக்கெட்ட வெளியவே கழட்டி வச்சிடுங்க.