ஹட்டனில் நடந்த ஆசிரியர் செயலமர்வு: போகலாம், அதிபரையும் கூட்டிக்கொண்டு

விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பிலும் நடத்தையிலும் அடுக்கடுக்காக உதவுவது பற்றி ஒரு வார இறுதிச் செயலமர்வு. பாதிப்பேர் சான்றிதழுக்காக வந்தவர்கள்தான், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

முறை அமெரிக்காவில் வளர்ந்தது. முதல் அடுக்கு முழு வகுப்புக்கும், அது போதாத பிள்ளைகளுக்குச் சிறு குழு, அதுவும் போதாவிட்டால் தனித்தனியாக. 2004 இல் அங்கே விசேட கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று தீர்மானிக்க, முதலில் உதவி கொடுத்துப் பார்த்து அதற்குப் பிள்ளை எப்படி முன்னேறுகிறது என்பதைக் கணக்கில் எடுக்க இடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 80 பிள்ளைகளுக்கு முதல் அடுக்கே போதும், 15 பேருக்குச் சிறு குழு, 5 பேருக்குத் தனி உதவி என்று முக்கோணம் போட்டுக் காட்டியதும் பொகவந்தலாவைப் பக்கத்து டீச்சர் ஒருவர் எழும்பி, "எங்கட தரம் 3 இல் பாதிப்பேர் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள், அப்போ பாதி வகுப்பையும் குழுவாக்கவா?" என்று கேட்டார். "பாதி வகுப்பு தடுமாறினால் கோளாறு முதல் அடுக்கில், பிள்ளைகளில் இல்லை. முழு வகுப்புக்குப் படிப்பிக்கும் விதத்தை முதலில் திருத்துங்கள்" என்றார் வளவாளர். எடுத்ததற்கெல்லாம் 'மெல்லக் கற்பவர்' என்று பெயர் வைத்து விசேட கல்விப் பிரிவுக்குத் தள்ளிவிடும் நமக்கு இது நல்ல சூடு. கட்டிய காசு இதற்கே சரி.

இரண்டாம் அடுக்கில் ஒரு அட்டை தந்தார்கள். காலையில் பிள்ளை ஒரு ஆசிரியரைச் சந்தித்து 'கையை உயர்த்திவிட்டுப் பேசுவேன்' மாதிரி இலக்கு எடுக்கும், பாடத்துக்குப் பாடம் 0, 1, 2 புள்ளி, பின்னேரம் கூட்டிப் பார்த்து வீட்டில் கையெழுத்து. நல்ல விஷயம்தான், ஆனால் அம்மா விடியத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பொழுதுபட வருகிறார், வீட்டில் இருக்கிற அப்பாயிக்கு வாசிக்கத் தெரியாது. இதை வளவாளர் யோசிக்கவே இல்லை. புள்ளிக்குப் பதில் சிரிக்கிற முகம் வரையலாம் என்று வந்திருந்த டீச்சர்மார்தான் வழி சொன்னார்கள்.

ஒரு நிமிட வாசிப்புச் சோதனை சுத்த மோசம். ஆங்கிலத்தில் இருந்து அப்படியே பெயர்த்த பந்தி, நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்கு வைத்த வேகக் கணக்கு. சொற்கள் நீளநீளமாகச் சேரும் தமிழுக்கு அது எப்படிப் பொருந்தும்?

எனக்குப் பெரிய கோபம் மூன்றாம் அடுக்கில். பிள்ளை ஏன் அப்படிச் செய்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று எழுதிப் பார்ப்பதுதான் அதில் உயிர். கணக்குப் பாடத்தில் கொப்பியைக் கிழிக்கிற பையனை வெளியே அனுப்பினால், கணக்கில் இருந்து தப்ப வேண்டும் என்ற அவனுடைய வேலை முடிந்துவிட்டது, நாளைக்கும் கிழிப்பான். ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டிய இதைத் தேத்தண்ணிக்குப் பிறகு, எல்லாரும் பஸ்ஸுக்குப் பையைத் தூக்கும் நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். செயலமர்வு முடிந்த பிறகு எங்கள் வகுப்பறைக்கு வந்து, பின் வாங்கில் உட்கார்ந்து பார்த்துத் திருத்தித் தர ஆள் இருக்கிறதா என்று கேட்டோம், இல்லையாம்.

சாப்பாடு பரவாயில்லை, மண்டபம் ஒரே குளிர்.

போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். ஒரே பாடசாலையில் இருந்து இரண்டு பேராவது போங்கள், அதிபரையும் இழுத்துக்கொண்டு. சிறு குழுவுக்கு நேரசூசியில் இடம் ஒதுக்க அவர்தானே வேண்டும்.