ஹால் மூலையில் ஒரு நாஸ்: மூன்று வருஷம் கழித்து

"வீட்டுக்கு நாஸ் வாங்கலாமா?" என்று ஆபீஸ் நண்பர் கேட்டு ரெண்டு வாரம் ஆகிறது. நாஸ் என்றால் வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி, போன், டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் பகிர்ந்துகொள்கிற டிஸ்க் பெட்டி. போன வாரம் என் பெட்டியில் ஒரு டிஸ்க் செத்துப்போய், அதை மாற்றுகிற அலைச்சலில் பதில் தள்ளிப்போனது.

என்னுடையது ரெண்டு டிஸ்க் பெட்டி. 4 டிபி இரண்டு, ரெய்டு 1. அதாவது ஒன்றுக்கு இன்னொன்று நகல், ரெண்டிலும் ஒரே சரக்கு. 8 டிபிக்குக் காசு கொடுத்துவிட்டு, நகல் போக மீதி 4, அதையும் விண்டோஸ் தன் கணக்கில் 3.6 என்று காட்டப் பார்க்கிற யோகம். அது தெரிந்துதான் வாங்கினேன். தெரியாமல் போனது சத்தம்.

டெசிபல் கணக்கெல்லாம் அட்டையில் போட்டிருக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, ஃபேனை ஒன்றில் வைத்துப் படுத்த வீட்டில் அது எப்படிக் கேட்கும் என்று யார் போடுகிறார்கள்? பக்கத்து அறையில் யாரோ உட்கார்ந்து நிலக்கடலை உரிக்கிற மாதிரி இருக்கும். மர ஷெல்ஃபில் வைத்ததால் ஷெல்ஃபும் சேர்ந்து உறுமியது. பழைய யோகா மேட்டை வெட்டி அடியில் கொடுத்தேன். உறுமல் போனது, கடலை போகவில்லை.

சரி, இருபது நிமிஷம் யாரும் தொடாவிட்டால் டிஸ்க் தூங்கட்டும் என்று செட்டிங்கை மாற்றினேன். அங்கே பிடித்தது வம்பு. அம்மா போனில் பேத்தி படத்தைத் தொட்டால், டிஸ்க் எழுந்து சுழன்று வரப் பத்து நொடி. "உன் டப்பா இன்னும் பல்லு விளக்குதாடா?" என்பார். எழுப்பிவிட ஆளுக்கா பஞ்சம்? புதுப் படம் வந்திருக்கிறதா என்று டிவியின் மீடியா ஆப் எட்டிப் பார்க்கும். போன் படங்கள் நடுராத்திரிதான் ஏறும். யார் எப்போது எழுப்பினார்கள் என்ற பதிவை (லாக்) திறந்து ஒவ்வொன்றாகப் பிடித்து அடக்குவதிலேயே ஒரு தீபாவளி லீவு போனது.

வேகத்தில் குறை சொன்னால் பாவம். ஆரம்பத்தில் நொடிக்கு 11 எம்பி தாண்டவில்லை என்று பெட்டியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் பார்த்தால், லேன் கேபிள் முனையில் ஒரு கம்பி சரியாகக் கடிபடவில்லை. ஜிகாபிட் வேகத்துக்கு (நொடிக்கு 1000 மெகாபிட்) கேபிளில் உள்ள எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று சொதப்பினால் மூச்சுக் காட்டாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது நொடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு எம்பிதான். கேபிளை மாற்றியதும் 110 எம்பி.

டிஸ்க் செத்த அன்றைக்கும் பீப் அடித்ததோடு சரி, ஒரு படம்கூடப் போகவில்லை. அம்மாவுக்கு விஷயமே தெரியாது. புது டிஸ்க்கைச் சொருகி சாயங்காலம் ஏழு மணிக்கு விட்டேன். காலைக் காபிக்குள் நகலெடுத்து முடித்திருந்தது. அதற்காக ரெய்டை பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். மச்சான் கைதவறி அழித்த கல்யாண ஃபோல்டர் ரெண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் காலி. மாசத்துக்கு ஒரு தடவை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்து பீரோவில் வைக்கிற பழக்கத்தால் தங்கச்சியிடம் பேச்சு வாங்காமல் தப்பித்தேன்.

ஆக, நண்பருக்குப் பதில்: கதவு மூடி வைக்க ஒரு தனி இடம் இல்லையென்றால் வாங்காதீர்கள். உங்கள் தூக்கத்துக்கு நான் பொறுப்பில்லை.

நான் நாலு டிஸ்க் பெட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதுவும் ஹாலில்தான் உட்காரப் போகிறது. லேன் பாயின்ட் அங்கேதானே இருக்கிறது.