ஜானி கேஷ்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷை முதன்முதலாகக் கேட்கப் போகிறவர், 1968-இல் கலிஃபோர்னியாவின் ஃபால்சம் சிறையில் பதிவான ஆல்பத்தை எடுப்பதா, 1994-இல் வந்த ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ ஆல்பத்தையா?

ஃபால்சமில் கைதிகளின் ஆரவாரமும் சிறை ஒலிபெருக்கி அறிவிப்பும் பாட்டோடு சேர்ந்தே கேட்கும். கடைசிப் பாட்டை எழுதியவர் அங்கிருந்த கைதி கிளென் ஷெர்லி. முந்தைய இரவுதான் அதன் டேப் கேஷின் கைக்கு வந்தது. இரவோடு இரவாகக் கற்று, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஷெர்லியின் முன்னாலேயே பாடிவிட்டார். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். கைதட்டல் சில இடங்களில் பின்னால் ஸ்டூடியோவில் சேர்க்கப்பட்டது உண்மைதான். அதனால் அந்த நிகழ்ச்சியின் மதிப்பு குறையாது.

1994 ஆல்பம் நேர் எதிர். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 1980-களில் கேஷைக் கைவிட்டபின், ராப் ஆல்பங்கள் தயாரித்த ரிக் ரூபின் அவரைத் தேடிப் போனார். வாத்தியக் குழு கிடையாது. பெரும்பாலும் ரூபின் வீட்டுக் கூடத்தில் ஒரு கிதார், அறுபதைத் தாண்டிய குரல், அவ்வளவுதான். கிராமி விருதும் கிடைத்தது.

என்னைக் கேட்டால் ஃபால்சம்தான் முதலில். அந்தத் துள்ளலைக் கேட்ட காதுக்குத்தான் 1994-இன் தனிமை முழுசாக எட்டும்.