டிஸ்பிளே வராத பழைய கம்பியூட்டருக்கு 18,500 ரூபா: கொழும்பில் இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்

"வீட்டுக்கே வந்து திருத்தித் தருகிறோம்" என்று சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போடுகிறவர்களிடம் கம்பியூட்டரைக் கொடுக்க நினைத்திருந்தால், கொடுக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள். வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பு நடத்தும் என் அக்காவிடம் 18,500 ரூபா பறித்திருக்கிறார்கள். மாற்றாத மதர்போர்டை (எல்லாப் பாகமும் பொருந்தும் பிரதான பலகை, கீழே 'போர்ட்' என்பது இதுதான்) மாற்றியதாகச் சொல்லி எடுத்த காசு. அது போதாதென்று உள்ளே இருந்த ரேம் (தற்காலிக நினைவகத் துண்டு) ஒன்றையும் உருவிக்கொண்டார்கள். பெயரைப் போடவில்லை, இப்படியானவர்களுக்குப் புதுப் பெயரில் இன்னொரு பக்கம் திறக்க அதிக நேரம் தேவையில்லை. ஆகவே ஏமாற்றும் முறையை எழுதுகிறேன். டிஸ்பிளே வராவிட்டால் நீங்களே எதையெதைப் பார்க்கலாம் என்பதையும் கடைசியில் தருகிறேன்.

பெட்டி பழையதுதான். இன்டெல் ஐ5-2400, எச்61 போர்ட், 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, எல்லாம் 2011 காலத்துச் சாமான். வினாத்தாள் அடிக்கவும் பிரிண்ட் எடுக்கவும் அது தாராளமாகப் போதும். பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, முன்பக்க லைட் எரிகிறது, மொனிட்டர் மட்டும் கறுப்பு. இதுதான் பழுது. கம்பியூட்டர் வேலை தெரிந்த யாரும் இதைக் கேட்டதும் முதலில் ரேமைக் கழற்றித்தான் பார்ப்பார்கள்.

வந்த பையன் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான். நல்ல மரியாதை. வகுப்பு வாங்குகளைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஓஎல் பிள்ளைகளா? சோதனை கிட்டுதே, படிப்பு நிற்கக்கூடாது, நான் அவசரமா முடிச்சுத் தாறன்" என்றான். கேட்ட தேநீரைக் குடித்தான். அக்கா நம்பியது அந்த இடத்தில்தான். தன்னுடைய பிள்ளைகளின் சோதனையைப் பற்றிக் கவலைப்படுகிற ஒருவனை எந்த ஆசிரியைதான் சந்தேகிப்பாள்? பக்க மூடியைத் திறந்து, பட்டனை ஒரு தடவை அழுத்தி, பிரொசெசருக்கு மேலிருக்கும், சூட்டைத் தணிக்கும் அலுமினியத்தைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்ல டீச்சர், போர்ட் செத்துப்போச்சு" என்று முடிவு சொன்னான்.

இது பச்சைப் பொய். கம்பியூட்டர் தொடக்கச் சோதனையைத் தாண்டாமல் நின்றால் பிரொசெசருக்கு வேலை குறைவு, அதனால் அது பெரிதாகச் சூடேறாது. ரேம் சரியாக இருக்காவிட்டாலும் அப்படித்தான், பிரொசெசருக்குப் பக்கத்திலிருக்கும் 4 பின் பவர் பிளக் கழன்றிருந்தாலும் அப்படித்தான். அந்த 4 பின் பிளக் இல்லாமல் விசிறி சுற்றும், லைட் எரியும், டிஸ்பிளே வரவே வராது. விரலால் தொட்டுப் பார்த்து போர்ட் செத்துவிட்டது என்று எவனாலும் சொல்ல முடியாது. ரேமை அவன் தொடவே இல்லை. பீப் சத்தம் போடும் ஒரு பஸரைக்கூட மாட்டிப் பார்க்கவில்லை.

பெட்டியை அவன் கொண்டுபோனான். அடுத்த நாள் போன். "இந்த மொடல் போர்ட் இப்ப மார்க்கெட்ல இல்ல, எங்களிட்ட ஒண்டே ஒண்டுதான் இருக்கு, இன்னொருத்தரும் கேட்டிருக்கார், நீங்க இப்ப சொன்னாத்தான் வைப்பம்." போர்டுக்கு 16,000, வேலைக்கு 2,500. மொத்தம் 18,500 ரூபா. காசை முதலில் வங்கிக் கணக்குக்குப் போடச் சொன்னார்கள், கணக்கு தனியாள் பெயரில். அக்கா போட்டாள். பெட்டி வந்தது, டிஸ்பிளேயும் வந்தது. கையில் தந்த துண்டில் கடைப் பெயரில்லை, முத்திரையில்லை. "மதர்போர்ட் மாற்றியது, 1 மாத கேரண்டி" என்று பேனாவால் எழுதி ஒரு கிறுக்கல் கையெழுத்து, அவ்வளவுதான்.

இரண்டு வாரம்கூட ஓடவில்லை. திரும்பவும் அதே கறுப்பு.

அதற்குப் பிறகுதான் நான் திறந்து பார்த்தேன். மாற்றியதாகச் சொன்ன போர்ட் அதே பழைய போர்ட். போர்டில் நெட்வேர்க் கேபிள் மாட்டும் இடத்துக்கென்று தனி மேக் முகவரி (நெட்வேர்க்கில் அதை அடையாளம் காட்டும் குறி) உண்டு, பெரும்பாலான போர்டுகளில் ஸ்டிக்கரிலும் இருக்கும். போர்ட் மாறினால் அது மாறியே ஆக வேண்டும். பிரிண்டர் பகிர்வுக்காக வீட்டு ரவுட்டரில் இந்தக் கம்பியூட்டரின் மேக் முகவரியை ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தோம். ரவுட்டரில் உள்ளதையும் போர்ட் ஸ்டிக்கரில் உள்ளதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு எழுத்தும் அச்சொட்டாக ஒன்றுதான். திரும்பி வந்து ஓடிய நாள்களில் விண்டோஸும் அக்டிவேஷன் கேட்கவில்லை. விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் வன்பொருளோடு பிணைந்தது, போர்டை மாற்றினால் பொதுவாகத் திரும்ப அக்டிவேட் பண்ணச் சொல்லும். பிரொசெசருக்கும் அலுமினியத்துக்கும் இடையில் இருந்த, சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. போர்ட் மாற்றுகிறவன் பிரொசெசரைக் கழற்றாமல் மாற்ற முடியாது, கழற்றினால் புதுப் பேஸ்ட் போட்டாக வேண்டும். 16,000 ரூபாவுக்கு அவர்கள் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை.

ரேம் ஸ்லொட் இரண்டில் ஒன்று வெறுமை. வாங்கிய கடையின் பழைய பில்லில் 4 ஜிபி இரண்டு என்று தெளிவாக இருக்கிறது.

உண்மையான பழுது மிச்சமிருந்த ரேமின் பொன்முலாம் பூசிய முனைகளில் இருந்தது. கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் உப்புக் காற்றும் ஈரமும் இந்த முனைகளிலும் ஸ்லொட்டின் உள்ளேயும் படலம் பிடிக்க வைக்கும். தொடர்பு அறுந்தால் போர்ட் ரேமைக் காணாது, டிஸ்பிளேயும் வராது. கழற்றி மாட்டும்போது உரசுவதால் கொஞ்ச நாள் வேலை செய்யும். அவர்கள் ஒரு ரேமை உருவ முற்பட்டபோது மற்றதும் அசைந்து டிஸ்பிளே வந்திருக்கிறது. சுத்தம் செய்யாததால் திரும்ப நின்றது. வெள்ளை அழிறப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்து, ஸ்லொட்டைக் காய்ந்த மென்மையான தூரிகையால் தட்டி, காய்ந்த பிறகு இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்தினால் முடிந்தது. அரத்தாள் போடவே வேண்டாம், பொன்முலாம் மிக மெல்லியது, போய்விடும். பயோஸ் (கம்பியூட்டரைத் தொடக்கிவைக்கும் போர்டின் புரோகிராம்) பற்றரி, சிஆர்2032, 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.4 தான் காட்டியது, அதையும் மாற்றினேன். சில நூறு ரூபா வேலை. இதற்கு 18,500 ரூபா.

போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. அதை அந்தப் பையன் அக்காவின் முன்னாலேயே செய்திருக்கலாம், செய்யாதது வேண்டுமென்றுதான். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். எல்லா ரேமையும் எடுத்துவிடுங்கள். போர்டில் 'ஸ்பீக்கர்' என்று எழுதிய 4 பின்னில் ஒரு சின்ன பஸரை மாட்டி பவர் போடுங்கள். நீண்ட பீப் திரும்பத் திரும்பக் கேட்டால் பிரொசெசரும் பயோஸும் ஓடுகின்றன, "ரேம் இல்லை" என்று போர்டே சொல்கிறது. அப்படியான போர்டைச் செத்தது என்று சொல்பவன் பொய்யன். பீப் ஒன்றும் இல்லாவிட்டால் மட்டும்தான் பவர் சப்ளை, பிரொசெசர், போர்ட் என்று சந்தேகம் நகர வேண்டும். அக்காவின் போர்ட் ரேம் இல்லாமல் அழகாக பீப் அடித்தது.

இதை வைத்துக்கொண்டு அவர்களோடு கதைத்தபோது வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில், "டெக்னீஷியன் வெளியில, பின்னேரம் எடுங்க." பின்னேரம் எடுத்தால் போன் ஓஃப். பிறகு, "கரண்ட் கூடக் குறைய வந்திருக்கும், அதுக்கு கேரண்டி இல்ல." மேக் முகவரியைப் படம் எடுத்து அனுப்பினால், "அது சொஃப்ட்வெயார்ல வாறது, நாங்க பழைய நம்பரையே போட்டுக் குடுத்தம்." ஸ்டிக்கரில் அச்சடித்திருப்பதை எந்த சொஃப்ட்வெயாரில் போட்டார்கள்? கழற்றிய பழைய போர்டைத் தரச் சொன்னால், "அது கழிவுக்குப் போயிட்டுது." ரேமைக் கேட்டால், "முதலே ஒண்டுதான் இருந்தது டீச்சர், உங்களுக்குத் தெரியாது." வயதில் மூத்த ஒரு ஆசிரியையிடம் "உங்களுக்குத் தெரியாது" என்று சொல்கிறார்கள்! 18,500 ரூபாவில் பாதியாவது திருப்பித் தாருங்கள் என்றபோது நீல டிக் விழுந்தது, பதிலில்லை. அதற்குப் பிறகு பிளொக். விளம்பரத்துக்குக் கீழே அக்கா எழுதிய கருத்தையும் அழித்துவிட்டார்கள். அந்த விளம்பரம் இன்றைக்கும் ஓடுகிறது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதுகிறோம், தொலைபேசி இலக்கம் 1977. கடைப் பெயரில்லாத துண்டை வைத்து எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் கவலை. வங்கிக்குக் காசு போட்ட ரசீதும் வட்ஸ்அப் உரையாடலும் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்து அனுப்புகிறோம்.

நீங்களே பார்க்கக்கூடியவற்றைக் கடைசியில் தருகிறேன் என்று சொன்னேன். இருக்கிற கோபத்தில் எல்லாம் எழுத முடியவில்லை, முக்கியமானவை மட்டும்.

கீபோர்டில் 'Num Lock' பட்டனை அழுத்துங்கள். அந்த லைட் மாறி மாறி எரிந்தால் கம்பியூட்டர் ஓடுகிறது, பழுது பெரும்பாலும் மொனிட்டரிலோ கேபிளிலோ கிராபிக்ஸிலோதான். தனியாக கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், போர்டில் அல்ல.

பவர் சப்ளையைச் சந்தேகித்தால் மல்டிமீட்டரால் பாருங்கள். மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு 4.75 முதல் 5.25. ஊதா வயரில் பெட்டி ஓஃபாக இருக்கும்போதும் 5 வோல்ட் வர வேண்டும். அதன் மூடியைத் திறக்க வேண்டாம், உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் பிளக்கைக் கழற்றிய பிறகும் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பயோஸ் பற்றரியைப் பிளக் கழற்றிய நிலையில் எடுத்து, பத்து நிமிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள், இரண்டே கேபிள். டிஸ்பிளே பழுது பார்க்க அது தேவையே இல்லை. அக்காவின் டிஸ்கில் பிள்ளைகளின் புள்ளிகளும் அடையாள அட்டைப் படங்களும் இருந்தன, அதை யார் பார்த்தார்கள் என்று இனி யாருக்குத் தெரியும்.

போர்ட், ரேம், பவர் சப்ளை மூன்றினதும் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுங்கள், கொண்டுபோகிறவன் பார்க்க எடுங்கள். கழற்றிய சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலே சொல்லுங்கள். முடிந்தால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போல நேரில் போய், கடை மேசையில் கண்முன்னே திறந்து பார்க்க வைக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோங்கள். கடைப் பெயர், முகவரி, சாமானின் தொடர் இலக்கம் மூன்றும் பில்லில் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். தனியாள் கணக்குக்கு முற்பணம் கேட்டால் பெட்டியைத் திருப்பிக் கேளுங்கள்.