முடிச்சை இப்போதே அவிழ்ப்பதா, அடுத்த பாகத்துக்கு விடுவதா?

பல பாகங்களாக நாவல் எழுதுகிறவருக்கு ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் இதே சிக்கல்தான்: எதைத் தீர்ப்பது, எதை மிச்சம் வைப்பது? ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங்கும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவல் வரிசை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினும் இதில் எதிரெதிர்த் திசையில் போனவர்கள்.

ஹாரி பாட்டரில் அந்தந்தப் பாகத்தின் மர்மம் அங்கேயே தீர்ந்துவிடும், வில்லன் வோல்டெமார்ட்டுடனான பகை மட்டும் தொடரும். இரண்டாம் பாகத்தில் (1998) ஹாரி பசிலிஸ்க் என்ற ராட்சதப் பாம்பின் பல்லால் ஒரு மந்திர டைரியைக் குத்துகிறான், அதிலிருந்து எழுந்த ரிடில் (வோல்டெமார்ட்டின் இளவயது உருவம்) அழிகிறான், அவனிடம் சிக்கிய மாணவி ஜின்னி பிழைக்கிறாள். நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம். அந்த டைரிக்குள் இருந்தது வோல்டெமார்ட்டின் ஆன்மாவில் ஒரு துண்டு என்பது 2005இல் வந்த ஆறாம் பாகத்தில்தான் தெரியும். மூன்றாம் பாகம் இன்னும் அழகு. ஹாரியின் பெற்றோரைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் துரோகி பெட்டிக்ரூ எலியாக மாறித் தப்பிவிடுகிறான், அந்தப் பழியைச் சுமந்த நிரபராதி சிரியஸ் தலைமறைவாகவே ஓட வேண்டியிருக்கிறது. வாசகருக்குப் பதில் கிடைத்துவிட்டது, பாத்திரங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. அடுத்த பாகத்தைத் தேட வைக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

நம் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் தொங்கல்தான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை அறுதியிட்டுச் சொல்லவே இல்லை. ஆனாலும் ஏமாற்றம் இல்லை. கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் ஒட்டுக்கேட்ட நாளிலிருந்து ஓடுகிற கேள்வி, மகுடம் யாருக்கு என்பது. அதற்குப் பதில் வந்துவிடுகிறது.

மார்ட்டினும் முதல் பாகத்தை (1996) நன்றாகத்தான் முடித்தார்: நெட் ஸ்டார்க்கின் தலை விழுகிறது, நாடு கடந்து வாழும் இளவரசி டெனேரிஸின் டிராகன்கள் பிறக்கின்றன. அப்புறம் கதை கிளை விட்டுப் பரந்தது. 2005இல் வந்த நான்காம் பாகத்தில் டெனேரிஸ், டிரியன் போன்ற முக்கியமானவர்களே இல்லை. அவர்கள் கதைக்கு 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஐந்தாம் பாகத்தில் ஜான் ஸ்நோவின் கதை, அவனை அவன் ஆட்களே குத்துவதோடு நிற்கிறது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அவன் எடுத்த முடிவுகளின் விளைவு அது, அடுத்த பாகத்துக்குப் போகலாம். டெனேரிஸ் பிடித்த மீரீன் நகரத்துக்கான போர் அப்படியல்ல. பாகம் முழுக்க அதற்காகவே படை திரட்டிவிட்டு, போர் வாசலுக்கு வந்ததும் நிறுத்தியது வாசகருக்குச் செய்த அநியாயம்.